மழையூர்த் தோணிக்காரியும் முப்பத்தேழு சத்தங்களும்

1. பெட்டி வந்த காலை

பெட்டியை வெட்டித் திறந்தவள் நான்தான். அச்சகத்திலிருந்து வந்த ஒன்பதாம் தொகுதியின் முதல் பிரதிகள். புதுப் புத்தகத்தை விரித்து மூக்கை வைத்து மணந்து பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. மணந்துவிட்டுப் பதினோராம் பக்கத்தைத் திருப்பினேன். ஆற்றின் குறுக்கே, கொழுத்த ஆங்கில எழுத்துகளில், ‘சலசல சலசல’ என்று இருந்தது.

அடுத்த பக்கத்தில் ‘கிடுகிடு’. அதற்கடுத்ததில் ‘படபட’. நடுவிலே இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு ஒரு பெருமழைப் படம் வரும். அதன் மேல் என் முழங்கை நீளத்துக்கு ‘சோ’.

கதிரையில் போய் இருந்துவிட்டேன். கையில் இருந்தது ஜப்பானியச் சித்திரக் கதையின், அதாவது மாங்காவின், ஆங்கிலப் பதிப்பு. லண்டனில் தயாரித்து ஆங்கிலேயர் வாசிக்கிற புத்தகம். அதில் முப்பத்தேழு இடத்தில் தமிழ்ச் சத்தம் அச்சாகிவிட்டது. கடைகளுக்கான லொறி அதற்கு முதல் நாளே புறப்பட்டுவிட்டது.

இப்போது சித்திரக் கதைக்கு எழுத்து வரைகிற லெட்டரிங் வேலைக்கு வருகிற பிள்ளைகள் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். சிரிப்பதற்குத்தான் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? சிரியுங்கள், பரவாயில்லை. அன்றைக்கு நான் பயந்ததை மட்டும் நம்புங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற ஆங்கிலேயரும் ஜப்பானியரும் எங்கள் ஊர்த் தமிழ் கதைப்பார்கள். அவர்கள் பேசியது ஆங்கிலம்தான். என் தலைக்குள் அது இப்படித்தான் பதிந்து கிடக்கிறது, நான் என்ன செய்ய?

2. கலியாணக் கார்டிலிருந்து வந்தவள்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் ஈஸ்ட் ஹாமில் ஒரு சிறிய அச்சகத்தில் கலியாணக் கார்ட் டைப்செட் பண்ணிக்கொண்டிருந்தேன். வீடு ஃபாரஸ்ட் கேட். ஒரு விளம்பரத்தில் ‘லெட்டரர் தேவை’ என்று கண்டு, என்ன வேலை என்று சரியாக விளங்காமலே விண்ணப்பம் போட்டேன். அலுவலகம் ஓல்ட் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் தையல் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில். லிப்ட் வேலை செய்யாது. நான் இருந்த காலம் முழுக்க அது வேலை செய்யவில்லை.

நேர்முகத்துக்கு எதிரே இருந்தவர் மணியம். தயாரிப்பு மேனேஜர். ஈப்போவிலிருந்து படிக்க வந்து லண்டனிலேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழர். என் பெயரைப் பார்த்ததும் ஆங்கிலத்தைக் கழற்றி வைத்துவிட்டார்.

“இதுக்கு முன்ன எங்க வேல பாத்தீங்க?”

“கலியாணக் கார்ட் அடிக்கிற இடத்திலை.”

“அதுல தப்பு வந்தா என்னாகும்?”

“பொம்பிளை வீட்டார் அடிக்க வருவினம்.”

“அப்ப சரி லா. திங்கக்கிழம வந்துருங்க.”

ஒரு சோதனையும் வைத்தார். சித்திரக் கதையில் பேச்சு வருகிற வெள்ளை வட்டம் இருக்கிறதே, பபிள், அதற்குள் நாற்பது சொல்லை அடக்கச் சொன்னார். இரண்டு பக்கத்து மாமன்மார் சித்தப்பன்மார் பெயரையெல்லாம், ஒருவரும் கோபித்துக்கொண்டு போகாதபடி ஒரே கார்டில் அடக்கியவளுக்கு இது ஒரு வேலையா? பத்து நிமிடத்தில் கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் எனக்கு மணியம் அண்ணை.

முதல் நாளே என் கையில் வந்தது அந்தத் தொடர்தான். ஆங்கிலப் பெயர் வேறு. நான் எனக்குள் வைத்த பெயர் மழையூர்த் தோணிக்காரி. எப்போது பார்த்தாலும் மழை பெய்கிற ஓர் ஆற்றங்கரை ஊர். அங்கே மோட்டார்த் தோணி ஓட்டுகிற ஒரு பெண். அவள் உலகத்தைக் காப்பாற்றவில்லை, பேயோடு சண்டை போடவில்லை. ஆட்களை இக்கரையில் ஏற்றி அக்கரையில் இறக்குவாள். ஏறுகிறவர்களிடம் ஒவ்வொரு கதை. ஜப்பானில் அது எண்பதுகளிலிருந்து ஒரு பத்திரிகையில் தொடராக வந்து, தொகுதி தொகுதியாகச் சேர்ந்து, அப்போதே முப்பதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. எழுதி வரைகிறவர் ஒரு பெண். தோக்கியோவில் எல்லோரும் அவரைச் சென்செய், ஆசிரியர், என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் அந்தத் தொடருக்கு இரண்டு முறை சாவு வந்தது. முதலில் ஒரு கம்பனி மெல்லிய மாதப் புத்தகமாகப் போட்டது. ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடமாக ஓடும். ஆங்கில வாசகருக்கு அது சரிவராது என்று நினைத்து, படத்தையெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டார்கள். தோணிக்காரி இடக்கைக்காரி ஆனாள், ஆறு மற்றப் பக்கமாக ஓடியது. ஆறு இதழோடு நிறுத்தம். பிறகு இன்னொரு கம்பனி தடித்த புத்தகமாகப் போட்டு நாலாம் தொகுதியோடு கையை விரித்தது. அந்த நாலாம் தொகுதியின் கடைசிப் படத்தில் எஞ்சின் நின்று தோணி நடு ஆற்றில் கிடக்கிறது. வாசகர்களும் பாவம், வருஷக்கணக்காக அந்த நடு ஆற்றிலேயே கிடந்தார்கள்.

மூன்றாவதாக எடுத்தது நாங்கள். முதல் தொகுதியிலிருந்து தொடங்கி, ஜப்பானிய முறைப்படியே வலமிருந்து இடமாக, இரண்டு மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் வாசகர் எழுதி அனுப்ப ஒரு தபால் அட்டை வைப்போம். தோர்ண்டன் ஹீத்தில் டெரன்ஸ் என்று ஒரு பஸ் டிரைவர். மெல்லிய புத்தகக் காலத்திலிருந்தே வாசிக்கிற மனுஷன். தொகுதி வந்த வாரமே அவருடைய அட்டை வந்துவிடும். என்ன எழுதினாலும் கடைசி வரி மாறாது: “நீங்களும் நிப்பாட்ட மாட்டியள்தானே?”

ஒவ்வொரு முறையும் நான் அந்த வரியைப் பார்த்து “இல்லை அண்ணை, நிப்பாட்ட மாட்டம்” என்று வாய்விட்டுச் சொல்வேன். மணியம் அண்ணை சிரிப்பார்.

3. மழைக்கு எத்தனை பெயர்

பபிளுக்குள் இருக்கிற பேச்சு சுலபம். சத்தம்தான் சீவனை வாங்கும். மாங்காவில் சத்தம் படத்தோடு படமாக வரைந்திருக்கும். அந்த ஜப்பானிய எழுத்தைக் கம்ப்யூட்டரில் அழித்து, அதற்கடியில் மறைந்திருந்த ஆற்றையோ கூரையையோ கீறி நிரப்பி, மேலே ஆங்கிலச் சத்தத்தைப் படத்துக்குப் பொருத்தமான வடிவத்தில் வரைய வேண்டும். மழை சரிந்து பெய்தால் எழுத்தும் சரிய வேண்டும்.

மொழிபெயர்த்தவர் யுகிகோ. அக்டனில் வீட்டிலிருந்து வேலை செய்கிற ஜப்பானியப் பெண், என் வயதுதான். அவவுக்குத் தெரிந்த மழைச் சத்தம் இருபதாவது இருக்கும். ஆங்கிலத்தில் எங்களுக்குக் கிடைத்ததோ நாலு. யுகிகோ தொலைபேசியில் கிடந்து தவிப்பா.

“சுகந்தி, இந்த மழை பலமில்லை. காத்தும் இல்லை. ஆனால் காலமையிலையிருந்து விடாமல் பெய்யுது.”

“ஓ, விளங்கிச்சு. நசநச.”

“அது என்ன?”

“எங்கடை பாஷையிலை உந்த மழைக்கு அப்பிடித்தான் சொல்லுறது.”

“நசநச” என்று அவவும் ஒரு முறை சொல்லிப் பார்த்தா. பிறகு, “இடி உருண்டு போறதுக்கு?”

“கடகட.”

“நெஞ்சு அடிக்கிறதுக்கு?”

“திக்குத்திக்கு.”

அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. பட்டுச் சேலை உரசினால், அரிசி கொட்டினால், பல்லுக் கூசினால், எண்ணெயில் மிளகாய் விழுந்தால் என்று அவ கேட்க நான் சொல்ல, ஒரு மணித்தியாலம் போனது. பின்னாலே மணியம் அண்ணை வந்து நின்றதைக் கூட நான் காணவில்லை.

அன்றிலிருந்து எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். ஆங்கிலச் சத்தத்தை முடிவு செய்கிறவ ஹெலன், எங்கள் தலைமை எடிட்டர். அவ ஒவ்வொரு சத்தத்துக்கும் நாட்கணக்காக யோசிப்பா. அந்தப் பட்டியலைத் தோக்கியோவுக்கு அனுப்பி ஒப்புதல் எடுப்பா. அதுவரை நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்க ஏலுமா? கம்ப்யூட்டரில் படத்தின் மேல் கண்ணாடித் தாள்போல விரிகிற ஒரு அடுக்கில், லேயரில், தமிழ்ச் சத்தத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வடிவத்தைச் சரிசெய்துவிடுவேன். ஹெலனின் பட்டியல் வந்ததும் அடுத்த லேயரில் அதே வடிவத்தில் ஆங்கிலச் சத்தத்தைப் போட்டு, முதல் லேயரை அணைத்து மறைத்துவிடுவேன். லேயர்களுக்கு எஸ் ஒன்று, எஸ் இரண்டு என்று பெயர். எது எது என்று எனக்குத்தானே தெரிய வேண்டும்?

எட்டுத் தொகுதி இப்படி ஒரு குறையும் இல்லாமல் போனது. ஒன்பதாவதில் ஹெலன் பட்டியலைத் தந்துவிட்டுத் தங்கையின் கலியாணத்துக்கு ஸ்கொட்லாந்து போனா. அச்சகம் நேரத்தை இரண்டு நாள் முன்னுக்கு இழுத்தது. நான் எஸ் இரண்டை அணைத்து எஸ் ஒன்றை அனுப்பினேன். வேறு ஒரு சதியும் இல்லை. என் கை, என் பிழை.

4. ப்ரூஃப் பார்த்த மூன்று பேர்

சரி, அச்சடிக்க முதல் சரிபார்க்கிற ப்ரூஃப் என்று ஒன்று இருக்கிறதே, அதை ஒருவரும் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தோம். மூன்று பேர் பார்த்தோம்.

பெட்டி வந்த அன்று புத்தகத்தைக் கொண்டுபோய் மணியம் அண்ணையின் மேசையில் வைத்தேன். ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

“அண்ணை, கவிட்டுப் போட்டன்.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். இன்னும் பத்துப் பக்கம் பார்த்தார்.

“என்னா மா தப்பு? எல்லாம் சரியாத்தான இருக்கு?”

“அண்ணை, உது தமிழ்!”

திரும்பவும் பார்த்தார். வாய் மெல்லத் திறந்தது.

“அடக் கடவுளே.”

“உங்களுக்கு ப்ரூஃபிலை தெரியேல்லையோ?”

“எப்படிலா தெரியும்? மழ சோன்னு பேயுதுன்னு போட்டுருக்கு. பேயத்தான செய்யுது! நானும் ஆமா, நல்ல மழதான்னு நெனச்சிட்டுப் போயிட்டேன்.”

எனக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் நானும் அதே ப்ரூஃபைப் பார்த்து, அதே மாதிரி வாசித்துக்கொண்டு போனவள். யுகிகோவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவவும் பார்த்திருக்கிறா.

“பாத்தனான். எங்கடை ஆறும் சரசர எண்டுதான் ஓடும். எங்களுக்கு உந்த ‘ல’வும் ‘ர’வும் ஒண்டுதானே. கடைசியிலை நீங்கள் ஜப்பான் சத்தத்தை அப்பிடியே விடுறதெண்டு முடிவெடுத்திட்டியள் எண்டு நினைச்சு நான் சந்தோசப்பட்டன்.”

மூன்று பேருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. வித்தியாசமாகப் பட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் ஸ்கொட்லாந்தில் கலியாண வீட்டில் நின்றா.

திங்கட்கிழமை ஹெலன் வந்தா. கோபம் கூடக் கூடக் குரல் குறைகிற பெண் அவ. அன்றைக்குக் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

“சுகந்தி, இந்த ‘சோ’ என்ன?”

“மழை.”

“என்ன மழை?”

“பெரிய மழை.”

புத்தகத்தை மூடினா. எங்கள் ஒப்பந்தம் முதல் பத்துத் தொகுதிக்குத்தான். அடுத்த தொகுதிகளுக்கான உரிமையைப் புதுப்பிக்கிற பேச்சு அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. அதில் முதல் நிபந்தனையே, ஒப்புக்கொண்ட பட்டியலில் ஒரு சத்தத்தைக் கூட அனுமதியில்லாமல் மாற்றக்கூடாது என்பது. நாங்கள் முப்பத்தேழை மாற்றியிருந்தோம். தோக்கியோ கையை எடுத்தால் தொடர் பத்தோடு முடிந்தது. மூன்றாம் முறையும் நின்றுபோன கதையை நாலாவதாக எடுக்க எந்தப் பதிப்பாளருக்கும் விசர் இல்லை.

“அது என்ரை சைன்,” என்றார் மணியம் அண்ணை, ஆங்கிலத்தில். “நான்தான் பதில் சொல்லவேணும்.”

“லேயர் என்ரை,” என்றேன் நான். “அவை கண்டுபிடிக்க முதல் நாங்களே சொல்லுவம். நான் எழுதுறன்.”

ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். என்ன நடந்தது, ஏன் அப்படி ஒரு லேயர் வைத்திருந்தேன், ஒவ்வொரு சத்தத்துக்கும் தமிழில் என்ன அர்த்தம் என்று பட்டியல். சாட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஹெலன் ஒரு எழுத்துக் கூட மாற்றாமல் பேக்ஸில் விட்டா. மூன்று நாள் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது. தோக்கியோப் பதிப்பகத்தில் உரிமைகளைப் பார்க்கிற ஒகாவா அடுத்த மாதம் லண்டன் வருகிறார், நேரில் பேசுவார்.

அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு! குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன். வேலை போனால் இன்னொரு வேலை, அது பரவாயில்லை. தோணிக்காரியை என் கையால் நடு ஆற்றில் விட்டுவிடுவேனோ என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அதற்குள் வாசகர் அட்டைகள் வரத் தொடங்கின. ‘சோ’வை ஆங்கிலச் சொல்லாக, ‘ஆகையால்’ என்று எடுத்துக்கொண்ட ஒருவர் “சோ எண்டால், பிறகு என்ன?” என்று மட்டும் எழுதியிருந்தார். ஹெலன் அதை எனக்கு நேரே சுவரில் குத்தி வைத்தா. ஃபாரஸ்ட் கேட்டிலிருந்தே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியிருந்தது: “நான் சத்தம் போட்டு வாசிச்சுக்கொண்டிருந்தன். அம்மா குசினியிலையிருந்து, ஆர் உன்ரை புத்தகத்துக்குள்ளை தமிழ் கதைக்கிறது எண்டு கேட்டா.” பிறகு டெரன்ஸின் அட்டை வந்தது.

“இவ்வளவு காலம் இந்தக் கதையைப் பாத்தனான். இந்த முறைதான் மழை கேட்டது. பிழையா அச்சடிச்சது எண்டால் எனக்குச் சொல்லாதேங்கோ. நிப்பாட்ட மாட்டியள்தானே?”

இந்த முறை நான் பதில் சொல்லவில்லை. அட்டையை மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

5. முப்பத்தாறு மஞ்சள், ஒரு ரோஸ்

ஒகாவா ஐம்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர். மூன்று மாடி ஏறி வந்தும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை. ஹெலன், மணியம் அண்ணை, யுகிகோ, நான், எல்லோரும் நீள மேசையைச் சுற்றி நல்ல பிள்ளைகளாக இருந்தோம். நான் விடியவே எழும்பிக் கடலை வடை சுட்டுக் கொண்டுவந்திருந்தேன். வேலையை விட்டுப் போகிறவள் வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு எண்ணம்.

அவர் பையிலிருந்து ஒன்பதாம் தொகுதியை எடுத்து மேசையில் வைத்தார். புத்தகம் முழுக்கச் சிறு ஒட்டுத்தாள்கள் நீட்டிக்கொண்டு நின்றன. மஞ்சள், மஞ்சள், மஞ்சள். எண்ணிப் பார்க்கவே தேவையில்லை. ஒன்று மட்டும் ரோஸ் நிறம்.

“இதை எழுதினது ஆர்?”

“நான்.”

“வாசியுங்கோ.”

“என்ன?”

“சத்தமா. சென்செய் கேட்டவ, இது எப்பிடிக் கேக்கும் எண்டு. எனக்குத் தெரியேல்லை.”

பதினோராம் பக்கத்தைத் திறந்து “சலசல” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். “கிடுகிடு” என்றேன். “படபட. தடதட. சோ...” முதல் பத்துக்குப் பயந்து பயந்து வாசித்தவள், பிறகு எப்படியோ சூடு பிடித்துவிட்டேன். எஞ்சின் ‘டுபுடுபு’ என்று கிளம்பும் இடத்தில் கையையும் ஆட்டினேன். மணியம் அண்ணை மேசைக்குக் கீழே காலால் தாளம் போட்டது எனக்குக் கேட்டது. ஒகாவா கண்ணைத் திறக்காமலே சின்னக் கொப்பியில் ஏதோ கீறிக்கொண்டிருந்தார்.

ரோஸ் தாள் இருந்த பக்கம் வந்தது. அதில் தோணிக்காரி தனியே, குடை இல்லாமல், தோணியின் முன்பக்கத்து அணியத்தில் இருக்கிறாள். சின்ன மழை. நான் எழுதியிருந்தது ‘நசநச’.

“நில்லுங்கோ,” என்றார். “இந்தச் சொல்லுக்கு இந்த மழையிலை விருப்பமோ, வெறுப்போ?”

அப்படி ஒரு கேள்வியை என் சீவியத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. நசநச என்று நாங்கள் எப்போது சொல்வோம்? உடுப்புக் காயாதபோது. சப்பாத்துக்குள் தண்ணி போனபோது. பஸ் வராதபோது.

“வெறுப்பு,” என்றேன்.

“சென்செயும் அப்பிடித்தான் சந்தேகப்பட்டவ. நீங்கள் அனுப்பின பட்டியலிலை இதுக்கு மட்டும் ‘அலுப்பான’ எண்டு ஒரு சொல் இருந்தது. தோணிக்காரிக்கு மழை விருப்பம். இந்த ஒண்டு பிழை. மாத்தவேணும்.”

“மற்ற முப்பத்தாறு?” என்று கேட்டா ஹெலன். அவவின் குரல் இப்போது நன்றாகக் கேட்டது.

“அதை ஏன் மாத்தவேணும்?”

ஒகாவா மெதுவாகச் சொன்னார். வெளிநாட்டுப் பதிப்பு வந்த நாள் முதல் சென்செய்க்கு ஒரு மனக்குறை. இருபது விதமாக வரைந்த மழை எல்லா இடத்திலும் ஒரே மழையாகப் போய்விடுகிறதென்று. ஒன்பதாம் தொகுதியைத் திறந்து சலசலவைக் கண்டபோது யுகிகோ நினைத்ததைத்தான் அவவும் நினைத்திருக்கிறா. கடிதத்தை வாசித்த பிறகுதான் அது வேறு பாஷை என்று தெரிந்ததாம். “பிறகு அரை நாள் வரையவே இல்லை. உங்கடை பட்டியலைத்தான் திருப்பித் திருப்பி வாசிச்சவ.”

“சிலுசிலு,” என்றேன் நான்.

“என்ன?”

“அந்தப் பக்கத்துக்கு. சிலுசிலு எண்டு போடலாம். அது விருப்பமான மழை. மேலிலை பட்டால் சுகமாயிருக்கிற மழை.”

அவர் யுகிகோவைப் பார்த்தார். யுகிகோ ஜப்பானியத்தில் இரண்டு சொல் சொன்னா. அவர் ரோஸ் தாளை உரித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

கையெழுத்து அன்று பின்னேரமே ஆனது. கடைசித் தொகுதி வரைக்கும் உரிமை. சத்தத்தை நான் வைத்தபடியே வைப்பது, பட்டியலை அர்த்தத்தோடு முதலே அனுப்புவது, புத்தகத்தின் பின்னால் இரண்டு பக்கம் சத்த விளக்கம் போடுவது என்று புதிதாக ஒரு வாசகம் சேர்ந்தது. ஒப்பந்தம் எழுதிய வக்கீலுக்கு அது விளங்கவே இல்லையாம்.

வடையை எல்லோரும் அப்போதுதான் நினைத்தோம். ஒகாவா ஒன்றைக் கடித்துவிட்டு நிறுத்தினார்.

“இந்தச் சத்தத்துக்கு?”

“மொறுமொறு.”

கொப்பியை எடுத்து அதையும் எழுதிக்கொண்டு இன்னும் நாலு வடை சாப்பிட்டார். மணியம் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “தூசி லா, தூசி” என்றார். நான் லாச்சியைத் திறந்து டெரன்ஸின் அட்டையை எடுத்து, “இல்லை அண்ணை, நிப்பாட்ட மாட்டம்!” என்று அதைப் பார்த்துக் கத்தினேன். ஹெலன் உட்பட எல்லோரும் கைதட்டினார்கள்.

6. கடைசித் தொகுதி

பிறகு நாலு வருஷத்துக்கு மேல் அந்தத் தொடர் ஓடியது. ஜப்பானில் முப்பத்துநாலோடு முடிந்தது, லண்டனிலும் முப்பத்துநாலாவது வந்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் தோக்கியோவிலிருந்து ஒன்றோ இரண்டோ ரோஸ் தாள் வரும். “இது மழை தொடங்க முதல், வெறும் காத்து.” “இந்த நாய் கோபத்திலை குலைக்கேல்லை.” நான் எதிர்த்து எழுதுவேன். சில நேரம் நான் வென்றேன். கலியாணக் கார்ட் காலத்தில் என்னோடு சண்டை பிடித்தவர்கள் எல்லோரும் தங்கள் பெயருக்காகப் பிடித்தார்கள். வேலைக்காகச் சண்டை பிடித்த ஒரு ஆள் கிடைத்தது எனக்குப் பெரிய சந்தோசம்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். லேயருக்கு ஒழுங்கான பெயர் வையுங்கள். ப்ரூஃப் மேசையில் விளங்காத ஆள் ஒருவரை எப்போதும் வைத்திருங்கள். எல்லாம் விளங்குகிறவர்கள் மூன்று பேர் சேர்ந்தால் மலையையே காணாமல் விடுவார்கள். பிறகு, தற்காலிகம்தானே என்று எதையும் அரைகுறையாகச் செய்யாதீர்கள். நான் அந்தத் தமிழ்ச் சத்தங்களை ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே முழு மனதோடு வரைந்திருந்தேன். ஏனோதானோவென்று கீறியிருந்தால் ஒகாவா மூன்று மாடி ஏறியிருக்கமாட்டார்.

கடைசித் தொகுதி விற்பனைக்கு வந்த சனிக்கிழமை நகர மத்தியில் ஒரு சித்திரக் கதைக் கடையில் கூட்டம் வைத்தார்கள். நானும் மணியம் அண்ணையும் யுகிகோவும் போனோம். தெருமுனை வரை வரிசை நின்றது. மழை வேறு. வரிசையின் முன்னாலே பஸ் கம்பனி கோட்டோடு ஒரு பெரிய மனிதர், நரைத்த தாடி, கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஆறு மெல்லிய பழைய புத்தகங்கள். ஆள் யாரென்று ஒருவரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

“நீங்கள்தானே டெரன்ஸ்?”

“ஓம். நீங்கள்?”

“சத்தம் போட்ட ஆள்.”

அவர் நடுத்தெருவில் என் கையைப் பிடித்து ஆட்டினார். “நீங்கள் நிப்பாட்டேல்லை,” என்றார். “நீங்கள் நிப்பாட்டவே இல்லை.” அவருக்கும் கண் கலங்கியது, எனக்கும் கலங்கியது. மணியம் அண்ணை இந்த முறை தூசி என்று சொல்லவில்லை.

யுகிகோ அந்த வரிசையைப் படம் எடுத்துத் தோக்கியோவுக்கு அனுப்பினா. மூன்று மாதம் கழித்து என் பெயருக்கு ஒரு மட்டைப் பார்சல் வந்தது. உள்ளே சென்செய் கையால் வரைந்த ஒரு பக்கம். லண்டன் தெரு, குடைகள், பஸ் கோட்டோடு டெரன்ஸ், கையை ஆட்டிக்கொண்டு நான். வானத்திலிருந்து தெரு வரை சின்னச் சின்னக் கோடாக மழை. சத்தம் வருகிற இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தா. கீழே பென்சிலில் ஒரு வரி. யுகிகோ வாசித்துச் சொன்னா: “இது உங்கடை ஊர் மழை. எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதுங்கோ.”

மணியம் அண்ணை தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“இதுல யோசிக்க என்னா இருக்கு? நசநச. லண்டன் மழைக்கு வேற என்னா?”

நான் பேனாவை எடுத்துச் ‘சிலுசிலு’ என்று எழுதினேன், தமிழ் எழுத்திலேயே.

“லண்டன் மழைக்கா? பொய் சொல்லாதீங்க லா!”

“பொய் இல்லை அண்ணை,” என்றேன். “அண்டைக்கு அப்பிடித்தான் பெய்தது.”